ஓடும் ப்ராசஸ்களுக்கு இடையே தரவு எப்படிக் கைமாறுகிறது?

ஒரே கணினியில் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தாலும், ஒரு ப்ராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரல்) வைத்திருக்கும் மாறியை இன்னொரு ப்ராசஸ் சாதாரணமாகப் படிக்கவோ மாற்றவோ முடியாது. கல்லூரியில் சி மொழியைப் படித்துவிட்டு, பெங்களூருவில் முதல் வேலையில் சேர்ந்து, லினக்ஸுக்காக நிரல் எழுதத் தொடங்குபவர்கள் முதலில் முட்டிக்கொள்ளும் இடம் இது. ஓசூரிலிருந்து தினமும் பேருந்தில் எலெக்ட்ரானிக் சிட்டிக்கு வருபவரானாலும், ஒயிட்ஃபீல்டில் பிஜி அறையில் தங்கியிருப்பவரானாலும், கேள்வி ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வரும்: “அண்ணா, அது குளோபல் வேரியபிள்தானே? ஃபோர்க் பண்ணினதுக்கு அப்புறம் சைல்டு மாத்தினா பேரன்ட்டுக்கு ஏன் தெரிய மாட்டேங்குது?”

ஃபோர்க் என்பது ஓடும் ப்ராசஸை நகலெடுத்து இன்னொன்றை உருவாக்கும் அழைப்பு; மூலம் பேரன்ட், நகல் சைல்டு. விடையைக் கண்ணால் பார்க்க ஒரு சிறு சோதனை போதும். ஒரு குளோபல் மாறியில் 7 என்ற மதிப்பை வைத்து, ஃபோர்க் செய்து, சைல்டு ப்ராசஸில் அதை 42 ஆக மாற்றுங்கள். பிறகு இரண்டு ப்ராசஸ்களிலும் அந்த மாறியின் மதிப்பையும் முகவரியையும் அச்சிடுங்கள். சைல்டு 42 என்றும் பேரன்ட் 7 என்றும் காட்டும். ஆனால் முகவரி இரண்டிலும் ஒரே எண்ணாக இருக்கும். நிரல் காணும் முகவரி மெய்நிகர் முகவரி என்பதே இதற்குக் காரணம். ஒவ்வொரு ப்ராசஸுக்கும் கர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) தனித்தனியாக ஒரு பக்க அட்டவணையை, அதாவது எந்த மெய்நிகர் முகவரி உண்மையான நினைவகத்தில் எங்கே இருக்கிறது என்ற பட்டியலை, வைத்திருக்கிறது. ஒரே எண்ணுள்ள முகவரியை, எந்த ப்ராசஸ் ஓடுகிறதோ அதற்குரிய அட்டவணையைப் பார்த்து, சிபியு வெவ்வேறு நினைவக இடங்களுக்குத் திருப்பிவிடுகிறது. ஃபோர்க் முடிந்த கணத்தில் இரண்டு ப்ராசஸ்களும் ஒரே பக்கங்களைத்தான் (நினைவகத்தின் நிலையான அளவுத் துண்டுகள்) பார்த்துக்கொண்டிருக்கும் என்றாலும், ஒருவர் எழுத முனைந்தவுடன் அந்த ஒரு பக்கத்தை மட்டும் (வழக்கமான எக்ஸ்86 கணினிகளில் 4096 பைட்டு) கர்னல் நகலெடுத்துத் தனியாகக் கொடுத்துவிடும். 42 போய் உட்கார்ந்தது அந்த நகலில்.

இந்தச் சுவர் வேண்டுமென்றே கட்டப்பட்டது. ஒரு ப்ராசஸ் தவறான சுட்டியைப் (பாயின்டர்) பின்பற்றிச் சென்று விழுந்தாலும் மற்றவற்றின் தரவு கெடாமல் இருப்பதும், ஒருவர் கடவுச்சொல்லை நினைவகத்தில் வைத்திருக்கும்போது பக்கத்து நிரல் அதைப் படிக்க முடியாமல் இருப்பதும் இதனால்தான். ஆகவே தரவைக் கைமாற்ற வேண்டுமானால், சுவரில் எங்கே, எந்த அளவுக்கு வழி வேண்டும் என்று கர்னலிடம் கேட்டுப் பெற வேண்டும். பைப், சாக்கெட், பகிர்வு நினைவகம் முதலியவை அப்படிக் கேட்கும் வெவ்வேறு முறைகள். இவற்றில் எது வேகமானது என்பதைத்தான் பலரும் முதலில் விசாரிக்கிறார்கள். மறுபக்கத்தில் இருக்கும் ப்ராசஸ் மெதுவானால் என்ன ஆகும், செத்துப்போனால் என்ன ஆகும் என்பதை முதலில் விசாரிப்பதே என் பார்வையில் சரியான வரிசை. வேகம் போதாமல் நின்றுபோகும் நிரல்களைவிட, இந்த இரண்டு கேள்விகளுக்கு விடையில்லாமல் நின்றுபோகும் நிரல்களே அதிகம்.

ஒரு எடுத்துக்காட்டை வைத்துக்கொண்டு பார்ப்போம். பெல்லந்தூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. 2024 கோடையில் நகரமெங்கும் ஆழ்துளைக் கிணறுகள் வற்றியபோது தண்ணீர் லாரிக்குக் காத்திருந்த அனுபவத்துக்குப் பிறகு, கீழே உள்ள சம்ப்பில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதைக் கணினி மூலம் கண்காணிக்க அங்கே வசிக்கும் பொறியாளர்கள் சிலர் முடிவு செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சிறிய லினக்ஸ் பலகையில் மூன்று நிரல்கள் ஓடும். முதலாவது, சென்சாரிலிருந்து நொடிக்கு ஒருமுறை நீர்மட்டத்தைப் படிக்கும். இரண்டாவது, இந்த வேகத்தில் செலவானால் தண்ணீர் எத்தனை மணி நேரத்துக்கு வரும், எப்போது லாரிக்குச் சொல்ல வேண்டும் என்று கணக்கிடும். மூன்றாவது, சங்கச் செயலாளரின் கைபேசிக்குச் செய்தி அனுப்பும். மூன்றையும் ஒரே நிரலாக எழுதலாம்தான். ஆனால் இணையம் தொங்கும்போது சென்சார் படிப்பது நிற்கக் கூடாது. வன்பொருளைத் தொடும் உரிமை, வெளியுலகத்தோடு பேசும் நிரலுக்கு இருக்கக் கூடாது. பிரித்து வைப்பதற்கு இந்த இரண்டு காரணங்களே போதும்.

பைப்

சென்சார் நிரலையும் கணக்கு நிரலையும் இணைக்க மிக எளிய வழி பைப். பெல் ஆய்வகத்தில் டக் மெக்கில்ராய் 1964-லேயே, தோட்டத்தில் ரப்பர் குழாயோடு இன்னொரு துண்டைத் திருகிச் சேர்ப்பதுபோல் நிரல்களை ஒன்றோடொன்று இணைக்க ஒரு வழி வேண்டும் என்று எழுதி வைத்தார். 1973-ல் கென் தாம்சன் அதை, லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸ் இயங்குதளத்தில் சேர்த்தார். டெர்மினலில் இரண்டு கட்டளைகளுக்கு நடுவே நாம் போடும் நெடுங்கோடு இதைத்தான் செய்கிறது.

பைப் என்ற சிஸ்டம் கால் (கர்னலிடம் வேலை கேட்கும் அழைப்பு) செய்தால் கர்னல் தன் நினைவகத்தில் ஒரு பஃபரை (தற்காலிகச் சேமிப்பிடம்) ஒதுக்கி, அதற்கு இரண்டு ஃபைல் டெஸ்கிரிப்டர்களைத் (திறந்த கோப்பையோ பைப்பையோ குறிக்கும் எண்கள்) தருகிறது. ஒன்று படிப்பதற்கு, மற்றொன்று எழுதுவதற்கு. ஃபோர்க் செய்யும்போது டெஸ்கிரிப்டர்கள் சைல்டுக்கும் போய்ச் சேரும் என்பதால், முதலில் பைப், பிறகு ஃபோர்க் என்பதே வரிசை. எழுதுபவர் தரும் பைட்டுகள் அவருடைய நினைவகத்திலிருந்து கர்னலின் பஃபருக்கு ஒருமுறையும், அங்கிருந்து படிப்பவரின் நினைவகத்துக்கு மறுமுறையும் நகலெடுக்கப்படுகின்றன.

இனி மெதுவானால் என்ன ஆகும் என்ற கேள்வி. லினக்ஸில் ஒரு பைப்பின் வழக்கமான கொள்ளளவு 65,536 பைட்டு. நம் சென்சார் நிரல் அனுப்பும் ஒரு வரியில், யூனிக்ஸ் நேரம் (1970 தொடக்கத்திலிருந்து கடந்த நொடிகள்) 10 இலக்கம், ஓர் இடைவெளி, மில்லிமீட்டரில் நீர்மட்டம் 4 இலக்கம், வரி முடிவு என மொத்தம் 16 பைட்டு இருப்பதாகக் கொள்வோம். அப்படியானால் பைப்பில் 4096 வரிகள் கொள்ளும். கணக்கு நிரல் ஏதோ ஒரு காரணத்தால் உறைந்து நின்றுவிட்டால், சென்சார் நிரலுக்கு அடுத்த 68 நிமிடம் வரை எந்த வேறுபாடும் தெரியாது. அது எழுதிக்கொண்டே இருக்கும், கர்னலும் வாங்கிக்கொண்டே இருக்கும். 4097-வது வரியை எழுதும்போது பைப்பில் இடமில்லாததால் கர்னல் அதை அப்படியே நிறுத்தி வைக்கும். ஒரு நிரலில் வந்த கோளாறு, ஒரு மணி நேரத்துக்கும் மேல் கழித்து, குற்றமே செய்யாத இன்னொரு நிரலின் முடக்கமாக வெளிப்படுகிறது. அதைவிட மோசமானது அடுத்து நடப்பது: கணக்கு நிரல் மீண்டும் விழித்தால், அது முதலில் படிப்பது ஒரு மணி நேரத்துக்கு முந்தைய நீர்மட்டத்தை. வரியில் நேரத்தையும் சேர்த்து அனுப்புவது இதற்காகத்தான்.

எழுதும் முனையை, காத்திருக்காமல் உடனே திரும்பும் முறையில் வைத்துக்கொண்டால், இடமில்லாதபோது கர்னல் நிரலை நிறுத்தாமல் பிழைக்குறியைத் தரும். அப்போது வரியைக் கைவிடுவதா, சேர்த்து வைப்பதா என்பதை நாமே முடிவு செய்யலாம். நீர்மட்டம் என்றால் பழைய வரியைக் கைவிடுவதில் நட்டமில்லை. பணப் பரிவர்த்தனை என்றால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

அடுத்து, செத்துப்போனால் என்ன ஆகும் என்ற கேள்வி. எழுதும் முனையை வைத்திருக்கும் அனைவரும் அதை மூடிவிட்டால், பஃபரில் மீதமிருப்பது தீர்ந்தபின், படிப்பவருக்கு ரீட் (படிக்கும் அழைப்பு) 0 என்று திரும்பும். அதுவே முடிவுக்கான அடையாளம். இதில் “அனைவரும்” என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். ஃபோர்க்குக்குப் பிறகு பேரன்ட், சைல்டு இரண்டிடமும் இரண்டு முனைகளும் இருக்கின்றன. படிக்கும் ப்ராசஸ், தனக்குத் தேவையில்லாத எழுதும் முனையை மூடாமல் விட்டுவிட்டால், உண்மையான எழுத்தாளர் இறந்த பிறகும், எழுதக்கூடிய ஒருவர் இன்னும் இருக்கிறார் என்றே கர்னல் கருதும். அந்த ஒருவர் படித்துக்கொண்டிருப்பவரேதான். அவர் தன்னிடமிருந்தே வராத தரவுக்காகக் காலமெல்லாம் காத்திருப்பார்.

எதிர்த்திசையில், படிப்பவர்கள் யாருமே இல்லாத பைப்பில் எழுதினால், எழுதுபவருக்கு சிக்பைப் என்ற சிக்னல் (கர்னல் அனுப்பும் அறிவிப்பு) வரும். இயல்பான ஏற்பாட்டில் அது ப்ராசஸைக் கொன்றுவிடும், அதுவும் எந்தப் பிழைச்செய்தியும் அச்சிடாமல். கணக்கு நிரல் விழுந்ததால் சென்சார் நிரலும் சத்தமில்லாமல் மறைந்துபோவது இப்படித்தான். அந்த சிக்னலைப் புறக்கணிக்கச் சொல்லிவிட்டால், ரைட் (எழுதும் அழைப்பு) ஒரு பிழையைத் திருப்பித் தரும். அதைப் பார்த்து நாமே முறையாக நடந்துகொள்ளலாம்.

பைப்பில் ஓடுவது பைட்டுகளின் ஓட்டமே தவிர, செய்திகளின் வரிசை அன்று. மூன்று வரிகளை மூன்று முறை எழுதினால் அவை ஒரே ரீடில் மொத்தமாக வரலாம். 100 பைட்டு கேட்டால் 48 மட்டும் வரலாம். படிப்பவர் கொடுத்த பஃபர் சிறியதென்றால் ஒரு வரி பாதியில் வெட்டுப்படலாம். எங்கே ஒரு செய்தி முடிகிறது என்பதை நாமேதான் வகுத்துக்கொள்ள வேண்டும்: நிலையான நீளம் வைக்கலாம், வரி முடிவைத் தேடலாம், அல்லது ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் அதன் நீளத்தை எழுதலாம். சம்ப்புக்கு ஒன்று, மாடித் தொட்டிக்கு ஒன்று என்று இரண்டு சென்சார் நிரல்கள் ஒரே பைப்பில் எழுதினால் வரிகள் ஒன்றோடொன்று கலந்துவிடுமோ என்ற ஐயமும் வரும். லினக்ஸில் ஒரு ரைட் 4096 பைட்டைத் தாண்டாதவரை கலக்காது என்பது உறுதி. யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரநிலை உறுதியளிக்கும் குறைந்தபட்ச எல்லை 512 பைட்டு.

புதியவர்களை அதிகமாக அலைக்கழிப்பது என்னவோ கர்னலின் பஃபர் அன்று, சி நூலகத்தின் பஃபர். டெர்மினலில் ஓட்டிப் பார்க்கும்போது பிரின்ட்எஃப் நொடிக்கு ஒரு வரியை ஒழுங்காகக் காட்டும். அதே நிரலை பைப்போடு இணைத்தால் மறுபக்கம் எதுவுமே வராது. வெளியீடு டெர்மினலுக்குப் போனால் வரிக்கு ஒருமுறையும், வேறெங்கு போனாலும் பஃபர் நிறைந்த பிறகுமே அனுப்புவது நூலகத்தின் வழக்கம். லினக்ஸில் பைப்புக்கு அந்தப் பஃபர் பொதுவாக 4096 பைட்டு. 16 பைட்டு வரிகள் என்றால் 256 வரி சேர்ந்த பிறகு, அதாவது நான்கு நிமிடத்துக்குச் சற்று மேல் கழித்து, எல்லாம் ஒரே மூட்டையாக வந்து விழும். ஒவ்வொரு வரிக்குப் பின்னும், பஃபரில் உள்ளதை உடனே அனுப்பச் சொல்லும் எஃப்ஃப்ளஷை அழைத்தால் போதும். இந்த ஒன்றைத் தெரிந்துகொள்ளாமல் “பைப் மெதுவானது” என்று முடிவு கட்டி வேறு வழிக்குத் தாவுபவர்கள் உண்டு.

ஒரு பைப் ஒரு திசைக்கானது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். இருவரும் பேச வேண்டுமானால் இரண்டு பைப்புகள் தேவை. அப்போது இருவரும் ஒரே நேரத்தில் நிறைய எழுதி, இரண்டு பைப்புகளும் நிறைந்து, ஒருவர் மற்றவர் படிப்பதற்காகக் காத்துக்கொண்டு இருவருமே நின்றுவிடும் முட்டுக்கட்டைக்கும் வழி திறக்கிறது.

பெயருள்ள பைப்பும் சாக்கெட்டும்

சாதாரண பைப்புக்குப் பெயர் இல்லாததால், டெஸ்கிரிப்டர் வழிவழியாக வந்து சேர்ந்த உறவுள்ள ப்ராசஸ்களுக்கே அது உதவும். தனித்தனியாகத் தொடங்கப்பட்ட நிரல்களுக்கு, கோப்பு அமைப்பில் ஒரு பெயரோடு இருக்கும் ஃபிஃபோ உண்டு. நடத்தை பைப்பைப் போன்றதே. ஒரு பக்கம் திறந்தால், மறுபக்கம் இன்னொருவர் திறக்கும் வரை அந்தத் திறப்பே காத்திருக்கும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

கேட்பவர்கள் பலராகும்போது, ஒரே கணினிக்குள் இணைப்பு ஏற்படுத்தும் யூனிக்ஸ் டொமைன் சாக்கெட் பொருத்தமானது. செயலாளரின் திரை, நுழைவாயிலில் செக்யூரிட்டி அறையிலுள்ள திரை என இரண்டு நிரல்கள் கணக்கு நிரலிடம் கேள்வி கேட்டுப் பதில் பெற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 1983-ல் வெளிவந்த 4.2பிஎஸ்டி யூனிக்ஸோடு வந்த சாக்கெட் முறையில், கணக்கு நிரல் ஒரு பெயரில் காத்திருக்கும். இணையும் ஒவ்வொருவருக்கும் இருதிசையிலும் பேசக்கூடிய தனி இணைப்பு கிடைக்கும். ஒருவர் துண்டித்துக்கொண்டால் அவருடைய இணைப்பு மட்டுமே முடியும், மற்றவர் பாதிக்கப்படமாட்டார். செய்தி எல்லையைக் காக்கும் வகைகளும் இதில் உண்டு. லினக்ஸில் மறுமுனையில் இருப்பவர் எந்தப் பயனர், அவருடைய ப்ராசஸ் எண் என்ன என்பதைக் கர்னலிடமே கேட்டறியலாம். நிரல் தானாகச் சொல்லிக்கொள்ளும் பெயரை நம்ப வேண்டியதில்லை. திறந்திருக்கும் ஒரு ஃபைல் டெஸ்கிரிப்டரையே இந்த வழியாக இன்னொரு ப்ராசஸுக்கு அனுப்பவும் முடியும். சென்சாரைத் திறக்கும் உரிமையுள்ள நிரல், அதைத் திறந்து, உரிமையில்லாத நிரலிடம் டெஸ்கிரிப்டரை மட்டும் கொடுத்துவிடலாம். இதை வேலையில் முதன்முதலாகக் காணும் எவரும் சற்று வியக்காமல் இருப்பதில்லை.

கணினி தன்னையே குறிக்கும் 127.0.0.1 என்ற முகவரியில், இணையத்தில் பயன்படும் டிசிபி வகை சாக்கெட் வைத்தும் இதே வேலையைச் செய்யலாம். நாளை கணக்கு நிரலை வேறு கணினிக்கு மாற்றுவது அப்போது எளிது. ஆனால் கோப்புக்குரிய அனுமதிகள் அங்கே இல்லை. அந்தக் கணினியில் ஓடும் எந்த ப்ராசஸும் இணைந்து பார்க்கலாம் என்பதால், அடையாளச் சோதனையை நாமே எழுத வேண்டும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், அதே கணினியிலிருந்து வருபவர்களுக்கு யூனிக்ஸ் சாக்கெட்டையும், வெளியிலிருந்து வருபவர்களுக்கு டிசிபியையும் சேர்த்தே வைத்திருக்கிறது.

பகிர்வு நினைவகம்

16 பைட்டு வரிக்கு இரண்டு முறை நகலெடுப்பதில் யாருக்கும் வலிக்காது. நுழைவாயில் கேமராவின் படங்களை ஒரு நிரல் பிடித்து இன்னொன்று ஆராய வேண்டுமானால் கதை வேறு. 1920-க்கு 1080 புள்ளிகள், புள்ளிக்கு 3 பைட்டு என்றால் ஒரு படம் 62,20,800 பைட்டு. நொடிக்கு 30 படம் என்றால் சுமார் 187 மெகாபைட்டு, அதை இரண்டு முறை நகலெடுக்க வேண்டும். இங்கேதான் பகிர்வு நினைவகத்துக்கு இடம் வருகிறது. எஸ்எச்எம் ஓப்பன் மூலம் பெயருள்ள ஒரு பகுதியை உருவாக்கி, அதன் அளவை நிர்ணயித்து, இரண்டு ப்ராசஸ்களும் எம்மேப் அழைப்பால் அதைத் தத்தம் முகவரிகளோடு இணைத்துக்கொண்டால், தொடக்கத்தில் சொன்ன இரண்டு பக்க அட்டவணைகளிலும் குறிப்பிட்ட சில முகவரிகள் ஒரே நினைவகத்தைக் காட்டத் தொடங்கும். அதன்பிறகு எழுதுவது என்பது வெறும் மாறிக்கு மதிப்பிடுவதுதான். கர்னல் நடுவில் வராது.

கர்னல் நடுவில் வராது என்பதில்தான் வசதியும் ஆபத்தும் சேர்ந்தே இருக்கின்றன. பைப்பில் காத்திருத்தலைக் கர்னல் பார்த்துக்கொண்டது. இங்கே பார்த்துக்கொள்ள யாரும் இல்லை. எழுதுபவர் படத்தின் மேற்பாதியைப் புதுப்பித்து முடித்த கணத்தில் படிப்பவர் முழுவதையும் எடுத்துக்கொண்டால், மேலே புதிய காட்சியும் கீழே பழைய காட்சியும் ஒட்டிய ஒரு படம் கிடைக்கும். எந்தப் பிழைச்செய்தியும் வராது. ஆகவே 1960-களில் கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா வகுத்த செமஃபோர் என்ற காத்திருப்பு எண்ணியையோ, ப்ராசஸ்களுக்கு இடையே பகிரத்தக்கதாக அமைத்த மியூடெக்ஸ் என்ற பூட்டையோ அதே பகுதியில் வைத்து, முறைவைத்துத் தொட வேண்டும். பூட்டை வைத்திருப்பவர் திறக்காமலே செத்துப்போனால் மற்றவர் காத்தே கிடப்பார். இதற்கென்றே உள்ள ரோபஸ்ட் வகை மியூடெக்ஸ், அடுத்துப் பூட்ட வருபவருக்கு முந்தையவர் இறந்துவிட்ட செய்தியைத் தெரிவிக்கும். ஆனால் பாதியில் விடப்பட்ட தரவைச் சரிசெய்வது நம் பொறுப்பே.

இன்னொரு பொறி, சுட்டிகள். ஒரே பகுதி ஒரு ப்ராசஸில் ஒரு முகவரியிலும் மற்றதில் வேறு முகவரியிலும் அமர்ந்திருக்கலாம் என்பதால், பகுதிக்குள் சுட்டியைச் சேமித்தால் அடுத்தவருக்கு அது பொருளற்ற எண். தொடக்கத்திலிருந்து எத்தனை பைட்டு தள்ளி என்ற தொலைவையே சேமிக்க வேண்டும். மேலும், ப்ராசஸ்கள் முடிந்துபோனாலும் பெயருள்ள பகுதி தானாக அழியாது. நீக்கும் வரை அல்லது கணினியை மறுபடி தொடங்கும் வரை டெவ் அடைவின் கீழ் எஸ்எச்எம் என்ற இடத்தில் நினைவகத்தை உண்டுகொண்டு அது கிடக்கும். டாக்கர் கன்டெய்னருக்குள் (நிரலைத் தனியாக அடைத்து ஓட்டும் சூழலுக்குள்) அந்த இடத்துக்கு இயல்பாகக் கிடைப்பது 64 மெகாபைட்டு மட்டுமே என்பதும் பலரை இடறிவிட்டிருக்கிறது.

நடைமுறையில் நல்ல ஏற்பாடு கலப்பானது: படங்களைப் பகிர்வு நினைவகத்தில் பல இடங்களாகப் பிரித்து வைத்துவிட்டு, “மூன்றாவது இடத்தில் படம் தயார்” என்ற சிறு செய்தியை மட்டும் சாக்கெட்டில் அனுப்புவது. பாரமான தரவு நகலெடுக்கப்படுவதில்லை. காத்திருப்பதையும், மறுபக்கம் இறந்ததை அறிவதையும் கர்னலே பார்த்துக்கொள்கிறது.

இன்னும் சில வழிகளும் உண்டு. போசிக்ஸ் மெசேஜ் க்யூ (செய்தி வரிசை) செய்தி எல்லையையும் முன்னுரிமையையும் காக்கும். லினக்ஸின் இயல்பான வரம்பு ஒரு க்யூவில் 10 செய்திகள், செய்திக்கு 8192 பைட்டு என்று சிறியது. சிக்னலைத் தரவு அனுப்பப் பயன்படுத்த வேண்டாம். ஒரே வகை சாதாரண சிக்னல் நிலுவையில் இருக்கும்போது மறுபடி வந்தால் இரண்டும் ஒன்றாகிவிடும், எத்தனை முறை வந்தது என்று எண்ணவே முடியாது.

புத்தகங்கள் இந்த வரிசையில் அதிகம் சேர்க்காத ஒன்று, சாதாரணக் கோப்பு. செக்யூரிட்டி அறைத் திரைக்கு வேண்டியது கடைசி நீர்மட்டம் மட்டுமே என்றால், கணக்கு நிரல் அதை ஒரு தற்காலிகக் கோப்பில் எழுதி, ரீநேம் செய்து உண்மையான பெயருக்கு மாற்றினால் போதும். ஒரே கோப்பு அமைப்புக்குள் ரீநேம் ஒரே அடியில் நடப்பதால், படிப்பவருக்கு முழுப் பழையதோ முழுப் புதியதோதான் கிடைக்கும். கணக்கு நிரல் விழுந்தாலும் கடைசி மதிப்பும் அதன் நேரமும் அங்கேயே இருக்கும். சாக்கெட்டை எழுதுவதற்கு முன் இது போதாதா என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

எழுதிய பிறகு ஏதேனும் நின்றுபோனால், ஊகிப்பதற்கு முன் பார்க்க இரண்டு இடங்கள் உண்டு. ஓடும் ப்ராசஸோடு ஸ்ட்ரேஸ் என்ற கருவியை இணைத்தால், அது ரீடில் காத்திருக்கிறதா, ரைட்டில் காத்திருக்கிறதா, எந்த டெஸ்கிரிப்டரில் என்பது ஒரே வரியில் தெரிந்துவிடும். ரைட் என்றால் மறுபக்கம் படிக்கவில்லை என்று பொருள். ரீட் என்றால், ப்ராக் அடைவில் அந்த ப்ராசஸ் எண்ணுக்குக் கீழுள்ள எஃப்டி பட்டியலைத் திறக்க வேண்டும். ஒவ்வொரு பைப்புக்கும் அருகே ஓர் எண் இருக்கும், ஒரே பைப்பின் இரண்டு முனைகளுக்கும் ஒரே எண். டெஸ்கிரிப்டர் படிக்கத் திறந்ததா எழுதத் திறந்ததா என்பதை அதன் அனுமதி எழுத்துகள் காட்டும். படிக்கும் ப்ராசஸின் பட்டியலிலேயே அந்த எண் இரண்டு முறை, ஒன்று படிக்கவும் ஒன்று எழுதவும் என்று இருந்தால், மூட மறந்த முனை அதுதான்.